காஜா பெராங் வானவெளி முகாமும் மாரிமுத்து வாத்தியாரும்

நம் நாட்டிலிருந்து ஒருவர் விண்வெளிக்குப் போகப் போகிறார் என்று பத்திரிகைகளில் தினமும் செய்தி வந்துகொண்டிருந்த சமயம். நான் வேலை பார்த்த பழைய பள்ளியில் ஒரு தேநீர் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியை கேட்டார்.

"டீச்சர், உங்க காலத்துல இந்த ஸ்பேஸ் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா? இல்ல வெறும் வாய்ப்பாடுதானா?"

"நாங்க வானவெளி முகாமுக்கே போயிருக்கோம்மா," என்றேன்.

வயசான அம்மா எதையோ எதோடோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார். சிரித்துவிட்டுத் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஏழாம் வகுப்பு முடித்ததும் அதே தோட்டப் பள்ளியில் பயிற்சி ஆசிரியை ஆனேன். சனிக்கிழமைகளில் மலாக்கா டவுனுக்கு வந்து வகுப்பில் படித்தேன். தேர்வில் தேறினேன். காஜா பெராங் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். தோட்டத்தை ஒட்டி மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்பார்கள், இருந்ததால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மலாய் நன்றாக வரும். பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த மலாய்தான்.

நாடு சுதந்திரம் வாங்கிய சில வாரங்களில் ருஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பினான். அப்போது ஊரெங்கும் முதியோர் வகுப்புகள் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நாங்களே இரவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும். வந்த பெரியவர்களோ எழுத்தை விட்டுவிட்டு வானத்தைப் பற்றிக் கேட்டார்கள். "அது ஏன் டீச்சர் கீழ விழுவல? நம்ம தலைக்கு மேலயும் போவுமா?" எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஓர் ஆசிரியர் உலகம் அழியப்போவதற்கு அடையாளம் அது என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை.

அதனால்தான் அடுத்த ஆண்டின் கடைசியில், பள்ளி விடுமுறையில், காஜா பெராங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு வானவெளிப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். தமிழ், மலாய், சீன, ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு, வகுப்பறைகளில் பாய் விரித்துத் தங்கிய ஒரு வாரம் அது. தற்காலிக ஆசிரியர்களாக இருந்தவர்களுக்கு அந்த முகாமில் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

முகாமை நடத்த வந்தவரைப் பார்த்ததும் எங்களுக்கு ஏமாற்றம். வெள்ளைக்காரர் யாராவது வருவார் என்று எதிர்பார்த்திருந்தோம். வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். பெயர் காமாட்சி. மகிழ்ச்சியோடு போய், "வணக்கம், நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில், "எனக்குத் தமிழ் வராது, அக்கா. நாலு வார்த்தை தெரியும், அதுவும் கோயிலில் கேட்டது," என்றார். அதே காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலாக்கா செட்டிக் குடும்பம். பெயரும் சாமியும் நம்முடையவை. பேச்சு மலாய். இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள். தமிழில் சிக்கு என்றால் தலைமுடியில் விழுவது. சிக்கு காமாட்சி என்று அவரை முதலில் அழைக்கும்போது எங்கள் தமிழ்க் கூட்டத்தில் இரண்டு பேராவது வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவை தவிர, அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார மாட்டார். சாரோங்கை மடக்கிக்கொண்டு புல்லில் உட்காருவார். வானத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "நம்பாக் கா, டெங்கார் கா?" பார்த்தீர்களா, கேட்டீர்களா? கேட்டது என்றால் தப்பில்லை, அப்படியே சொல்ல வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் மட்டும் அவர் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடத் திட்டு வாங்குவது சுலபம்.

முதல் நாள் திடலின் ஒரு மூலையில் ஒரு பம்பளிமாஸ் பழத்தை வைத்தார். அதுதான் சூரியன். என் உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்து, "இது பூமி. பதினாறு எட்டு நடந்து போய் நில்லுங்கள்," என்றார். போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பழம் சின்னதாகத் தெரிந்தது. நானும் என் தோட்டமும் பள்ளியும் இந்த மலாக்காவும் கையிலிருந்த கடுகின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, கடுகு விழுந்துவிடாமல் உள்ளங்கையை மூடிக்கொண்டேன். கோலிக்குண்டை வைத்திருந்த வியாழன் திடலின் மறுகோடிக்குப் போனார். சீனப் பள்ளியிலிருந்து வந்த மிஸ்டர் லிம்முக்குக் கடைசிக் கிரகங்களில் ஒன்று. அவர் வாசலைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, காப்பிக் கடை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. வெகுநேரமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், கிரகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை?" என்றார். சிக்கு காமாட்சி விழுந்து விழுந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முகாமில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று மாலைகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் பாயில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டு, அந்த நட்சத்திரம் பள்ளிக்கூரையின் விளிம்பைத் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மறுநாள் அது சில நிமிடங்கள் முன்னதாகவே விளிம்பைத் தொட்டுவிடும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நம் கண்ணாலேயே பிடிக்கிற வழி அது. இரண்டு பேர் சேர்ந்து செய்வது. ஒருவர் நட்சத்திரத்தைப் பார்ப்பார். மற்றவர் சிவப்புக் காகிதம் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு இருவரும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஜோடியாகச் சேர்ந்தவர் மாரிமுத்து வாத்தியார். அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. பகலில் அவரைப் போல் கலகலப்பானவர் கிடையாது. மலாய் மட்டும் சுத்தமாக வராது. தோட்டத்தை விட்டு வெளியே வராத மனிதர்.

முதல் மாலை, "நீங்க பாருங்க டீச்சர். நான் கடிகாரம் பாக்கறேன்," என்றார். சரி என்றேன். மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தபோது, "தலை வலிக்குது. உங்க கணக்கையே எனக்கும் வச்சுக்குவோம்," என்றார். இரண்டாம் நாள் மாலையும் அதே பேச்சு. சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து வரும்போது அவர் தாழ்வாரத்துக் கம்பியைத் தடவிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். அன்று கம்பி முடிகிற இடத்தில் கால் தவறி லோங்காங்கில், அதாவது பக்கத்துச் சாக்கடையில், விழுந்தார். முழங்கால்வரை சேறு. எல்லோரும் ஓடி வந்தார்கள். "வழுக்கிருச்சு, வழுக்கிருச்சு," என்று சிரித்தபடியே எழுந்தார். அவர் கால் தவறிய இடத்தில் ஈரமே இல்லை.

சிக்கு காமாட்சி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், எங்கள் பாய்க்கு வந்தார். கையில் ஒரு கோப்பை தேநீர். பேசாமல் அதை மாரிமுத்து வாத்தியாரின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். வாத்தியார் என் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நீட்டிய கோப்பை நீட்டியபடியே இருந்தது. சிக்கு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோப்பையைப் புல்லில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் இருவரையும் ஒரு வகுப்பறைக்குக் கூப்பிட்டார். என்னை அழைத்தது மொழிபெயர்க்க.

"எத்தனை காலமாக மாலையில் கண் தெரியவில்லை என்று கேளுங்கள், அக்கா."

கேட்டேன். வாத்தியாரின் முகம் வெளுத்துப்போனது.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க டீச்சர். யாரு சொன்னது?"

சொன்னேன். சிக்கு ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். வெளியே யாரோ பந்து விளையாடும் சத்தம் கேட்டது. வாத்தியார் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கியது.

"சின்னப் பிள்ளையிலேருந்தே கொஞ்சம் உண்டு. இப்ப நாலஞ்சு வருஷமா ரொம்ப மோசம். என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு மேல அவ கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கொல்லைப் பக்கம்கூடப் போறது. டீச்சர், இது வெளிய தெரிஞ்சா தோட்டத்துல என்னை வச்சுக்க மாட்டாங்க. வேலை போனா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்? ரிப்போர்ட்டுல எழுத வேணாம்னு சொல்லுங்க. அவங்க கால்ல விழறேன்னு சொல்லுங்க."

காலில் விழுவதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறினேன். எப்படியோ சொல்லி முடித்தேன். சிக்குவின் கண் கலங்கியது. ஆனால் குரல் மாறவில்லை.

"நான் எழுதாவிட்டால் இவருக்கு இரவு வகுப்பு கொடுப்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கில், தோட்டத்து ரோட்டில், பாம்பும் லோங்காங்கும் இருக்கிற இருட்டில் தினமும் போய்வர வேண்டும். ஒருநாள் இவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் எழுதத்தான் போகிறேன். பொய் எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள்."

வாத்தியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க? எழுத மாட்டேன்னுதானே சொல்றாங்க?"

என் நாற்பது வருட வேலையில் அதைப் போல ஒரு கஷ்டமான நிமிஷம் வந்ததில்லை. 'யோசிக்கிறேன் என்கிறார்' என்று ஒரு வார்த்தையைப் போட்டிருந்தால் அந்த மனிதர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு பேரும் என்னை நம்பிப் பேசினார்கள். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

வாத்தியார் எழுந்தார். சிக்கு அவசரமாக, "இன்னும் முடிக்கவில்லை, இருக்கச் சொல்லுங்கள்," என்றார். அவர் கேட்காமல் வாசலைத் தாண்டினார். சிக்கு வாசல்வரை ஓடி, அவர் முதுகைப் பார்த்து மலாயில் உரக்கச் சொன்னார். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "மாத்தாஹாரி பூன் பிந்தாங்!" என்று தொடங்கி இன்னும் இரண்டு வாக்கியம்.

"என்னவாம்?" என்றார் வாத்தியார், திரும்பாமல்.

"சூரியனும் ஒரு நட்சத்திரம்தானாம். உங்களுக்கு அந்த நட்சத்திரத்தை எடுத்துக்கச் சொல்றாங்க. அது பகல்ல இருக்குதாம்."

"கிண்டல் பண்றாங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தன் அறைக்குப் போய்ப் பையைக் கட்டினார். மலாய் ஆசிரியர் சிக்கு ஒஸ்மான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாத்தியாருக்குப் பாஷை புரியவில்லை, புரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். பையோடு வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரால் அதுவரை நடக்க முடியாது. நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிக்கு ஒஸ்மான் ஒரு தட்டில் சோறு கொண்டுபோய், அவர் விரல்களைத் தொட்டுத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். 

காலையில் போய்விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பெஞ்சில் பை அப்படியே இருந்தது. வாத்தியார் திடலின் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் குச்சியைத் தரையில் நட்டு, அது நேராக நிற்கிறதா என்று கோட்டிலிருந்து உருவிய நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குச்சியின் நிழல் முடிகிற இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தார். என்னைப் பார்த்ததும், "ராத்திரி பூரா யோசிச்சேன். அந்தப் பொண்ணு கிண்டல் பண்ற மாதிரி தெரியல," என்றார்.

அன்று முழுவதும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நிழல் நகர நகரக் கூழாங்கற்களை வைத்துக்கொண்டே வந்தார். சாப்பாடு திடலுக்குப் போனது. மிஸ்டர் லிம் ஒரு குடையைக் கொண்டுவந்து பிடித்தார், குச்சியின் நிழலை மறைக்கிறது என்று திட்டு வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் வாத்தியார் எங்களையெல்லாம் கூப்பிட்டார்.

"உச்சி வெயில் உச்சி வெயில்னு சொல்றோமே, சூரியன் உச்சியில இல்ல. இப்பதான் நிழல் ரொம்பக் குட்டை. ஆனா குச்சியில பாதி நீளம் இன்னும் இருக்குது. வடக்கால சாஞ்சு கிடக்குது பாருங்க."

நான் மலாயில் சொன்னேன். அது எப்படி, மத்தியானத்தில் சூரியன் தலைக்கு மேல்தானே என்று நாலைந்து பேர் சண்டைக்கு வந்தார்கள். சிக்கு காமாட்சி கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்து, நேராக வாத்தியாரையே கேட்டார்.

"நம்பாக் கா, டெங்கார் கா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நம்பாக்," என்றார் வாத்தியார்.

வருடக் கடைசியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகிறது, பூமி சாய்ந்து சுற்றுவதால் அப்படி என்று சிக்கு அதே குச்சியை வைத்து விளக்கினார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் வாத்தியார் குச்சியோடு இருந்தார். முகாமின் கடைசி நாளில் அவர் நடத்திய மாதிரிப் பாடத்துக்கு நான்தான் மலாயில் சொன்னேன். பம்பளிமாஸ் சூரியனாகச் சிக்கு ஒஸ்மான் நடுவில் நிற்க, வாத்தியார் அவரைச் சுற்றிச் சாய்ந்து சாய்ந்து நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

அன்று மாலையே, வெளிச்சம் இருக்கும்போதே, சிக்கு தன் ரிப்போர்ட்டை அவருக்குப் படித்துக் காட்டினார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இவருக்குப் பொழுது சாய்ந்தபின் கண் தெரியாது. இரவு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. பகலில் இவரைப் போலப் பொறுமையாகக் கவனித்துப் பாடம் நடத்துகிறவரை இந்த முகாமில் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற விதியை முழுவதும் நிறைவேற்றியிருக்கிறார். நிரந்தரமாக்கலாம்.

வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முதல் வரி இருக்குதுல்ல டீச்சர். மேல உள்ளவங்க அதோட நிறுத்திருவாங்க," என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனார். சிக்குவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தோட்டப் பள்ளியிலிருந்து மலாக்கா டவுன் பள்ளிக்கு. என்னிடம் வந்து அந்த உத்தரவைக் காட்டியபோது கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "பாத்தீங்களா? வீட்டை விட்டு விரட்டிட்டாங்க. உண்மை எழுதறாங்களாம், உண்மை."  கல்வி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போய் விசாரித்தேன். அவர்தான் விவரம் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதிகாரி முதலில் வாத்தியாரை நிறுத்திவிடச் சொன்னாராம். சிக்கு காமாட்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து அந்த அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். அதிகாரி பார்க்க மறுத்தால் மறுநாள் வருவார். அன்றும் மறுத்தால் அதற்கும் மறுநாள். கடைசியில் அதிகாரிக்கே அலுத்துப்போய், இந்த வாத்தியாரை என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டாராம். "டவுனுக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரி பக்கம். விளக்கு உள்ள ரோடு," என்றாராம் சிக்கு.

இதை வாத்தியாரிடம் சொன்னேன். உத்தரவை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, "அதை ஏன் டீச்சர் அவங்க எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

அவர் குடும்பத்தோடு டவுனை ஒட்டிய புக்கிட் பாருவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. குணமாகாது, ஆனால் பகல் பார்வை பல வருடம் தாங்கும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே தாங்கியது. வாத்தியார் டவுன் பள்ளியில் நிரந்தர ஆசிரியராகி, ஓய்வு வயதுவரை பகல் வகுப்பு நடத்தினார். சிக்கு ஒஸ்மான் அதே பக்கம் வேலை பார்த்ததால் இருவரும் மத்தியானங்களில் காப்பிக் கடையில் உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருப்பதை வழியில் பார்ப்பேன்.

டவுனுக்கு வந்த மறு வருடத் தீபாவளிக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் ஒரு டின் முறுக்கோடு என் வீட்டுக்கு வந்தார்கள். சிக்கு காமாட்சி வீட்டுக்குப் போக வேண்டும், கூட வரமுடியுமா என்று கேட்டார். மொழிபெயர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. என்னவெல்லாம் சொல்லுவார், அதை மலாயில் எப்படிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டே போனேன்.

கம்பத்துக்குள் சிக்குவின் வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கும் வாசனை. சிக்கு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், கொண்டையில் பென்சில் இல்லாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன்.

"இருங்க டீச்சர்," என்றார் வாத்தியார். "நானே பேசறேன்."

மலாயில் பேசினார். சிக்கு ஒஸ்மானோடு காப்பிக் கடையில் கற்ற மலாய். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக விழுந்தன. அன்று கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்றார். நீங்கள் உண்மையை எழுதியதால்தான் இன்றைக்கு என் பிள்ளைகள் டவுன் பள்ளியில் படிக்கிறார்கள் என்றார். என் மனைவிக்கும் இப்போது பயமில்லாமல் தூக்கம் வருகிறது என்றார். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றபோது நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போனது. முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா இருந்ததே இல்லை.

பேச்சு முகாமுக்குப் போய், லிம்மின் காப்பிக்குப் போய், எங்கெங்கோ போனது. ஒரு கட்டத்தில் வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவர் தவிப்பது எனக்குத் தெரிந்தது. மெதுவாக எழுந்தார்.

சிக்கு காமாட்சியும் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில் இருந்து தேடித் தேடி எடுத்துச் சொன்னார்.

"வெளிச்சம் இருக்கு. உக்காரு."

தன்னைவிட வயதில் மூத்தவரை ஒருமையில் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. வாத்தியார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார்.